காட்டுப் பன்றியும் கறிக்கோழியும்

இந்த மாதம் பெங்களூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பல, உணவுக்காக விலங்குகளைக் கொல்வதைப் பற்றியவை. அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தைப் படித்தால் மற்றவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பதும் புரியும் என்பதால், அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். எனவே எல்லோருக்கும் பகுதியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைப்பக்கம் வேலையாகப் போய்வந்த என் கணவரின் நண்பர், காட்டுப் பன்றிக் கறி என்று சொல்லி ஒரு தூக்குவாளியை நீட்டினார். நான் வாங்க மறுத்துவிட்டேன். அன்று எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார்: "அந்தப் பன்றி இஷ்டம்போல் திரிந்து, கிழங்கு தோண்டித் தின்று, ஒரே நொடியில் செத்தது. இந்தக் குழம்பில் கிடக்கிற கோழி வெயிலையே பார்த்திருக்காது. எது பெரிய பாவம், அண்ணி?" எனக்குப் பதில் வரவில்லை. நான் செய்தது சரியா? (வாசகி, அல்சூர்)

பதில்: மறுத்தது சரி. ஆனால் நண்பரின் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்ள வேண்டும் என்பதால் பதில் சற்று நீளும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதியின்றி அதை வேட்டையாடுவதும் அதன் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். வேட்டையாடப்பட்ட காட்டு விலங்கு அரசின் உடைமை என்றும், அது ஒருவர் கையில் இருந்தால் முறையான வழியில் வந்ததென்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதே என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, இதற்குத் தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தூக்குவாளியை வாங்கி அடுப்படியில் வைத்திருந்தால் நீங்களும் பதில் சொல்ல வேண்டியவராகியிருப்பீர்கள். ஆனால் நண்பர் கேட்டது பாவத்தைப் பற்றி. சட்டப் பிரிவைக் காட்டி அவர் வாயை அடைப்பது பதிலாகாது.

அவர் சொன்னதில் நான் முதலில் சந்தேகிப்பது அந்த 'ஒரே நொடி'யை. நம் பக்கத்துக் காடுகளில் திருட்டு வேட்டை துப்பாக்கியால் மட்டும் நடப்பதில்லை. இருசக்கர வண்டியின் கிளட்ச் கம்பியைச் சுருக்காக முடிந்து, விலங்குகள் நுழையும் வேலி இடுக்குகளில் கட்டிவைக்கிறார்கள். கழுத்திலோ இடுப்பிலோ சுருக்கு விழுந்த விலங்கு இழுக்க இழுக்கக் கம்பி இறுகும். கட்டியவர் விடிந்து வந்து பார்க்கும்வரை அது உயிரோடு துடித்துக்கொண்டிருக்கலாம். அவுட்டுக்காய் என்று ஒன்று உண்டு: தின்பண்டத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து பன்றி வரும் தடத்தில் போட்டுவைப்பது. கடித்த விலங்குக்கு வாய் சிதறும். உடனே சாகாவிட்டால், தின்னவோ நீர் குடிக்கவோ முடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாகும். 2020 மே மாதத்தில் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கருவுற்ற யானை வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடியே இறந்ததைப் படித்து நாடே அழுதது; அதன் வாயில் வெடித்ததும் இப்படிப்பட்ட ஒரு பொதிதான். சுருக்குக்கும் வெடிக்கும் பன்றி எது, மான் எது, சிறுத்தை எது என்று தெரியாது. குறிபார்க்கத் தெரிந்த ஒருவர் சுட்டு, குண்டு சரியான இடத்தில் பட்டிருந்தால் நண்பர் சொன்ன நொடி உண்மைதான். தூக்குவாளியில் வந்த கறி அப்படி வந்ததா என்று அவருக்கே தெரிந்திருக்குமா?

இனி அவர் சொன்ன மற்றப் பாதி. அதை நான் மறுக்கப் போவதில்லை. கறிக்கோழி பொறிப்பகத்தில் தாயில்லாமல் பிறந்து, ஒரு நாள் குஞ்சாகவே பெட்டியில் பயணம் செய்து, ஆயிரக்கணக்கான குஞ்சுகளோடு ஒரே கொட்டகையில் வளர்கிறது. 35 முதல் 42 நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடுகிறது. வேகமாக எடை கூட வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்ட இனம் அது. கால் எலும்பு உறுதிப்படுவதற்குள் உடல் பருத்துவிடுவதால் கடைசி நாட்களில் நடக்கவே சிரமப்படும் கோழிகள் உண்டு. விட்டுவைத்தால் சில ஆண்டுகள் வாழக்கூடிய பறவைக்கு நாம் கொடுப்பது ஆறு வாரம். விடியற்காலையில் சிவாஜிநகர்ப் பக்கம் நடப்பவர்கள், இருசக்கர வண்டியின் இரு புறமும் கால்கள் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கும் கோழிகளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. முட்டைக்கோழியின் கதை இன்னும் நீளம்: கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது, நீங்கள் கடிதம் எழுதிய தாளின் பரப்புக்கும் குறைவான இடம், அதில் ஓராண்டுக்கு மேல் நின்றுகொண்டே முட்டையிட வேண்டும். கூண்டு முறையைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2017-இல் தன் 269-ஆவது அறிக்கையில் எழுதியது. கூண்டுகள் இன்றும் இருக்கின்றன.

சட்டத்தின் பார்வை எவ்வளவு ஓரவஞ்சனையானது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பன்றியை வேட்டையாடினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வளர்ப்பு விலங்கை வதைத்தால், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அச்சுப்பிழை அல்ல, ஐம்பது ரூபாய்தான். அந்தத் தொகைக்கு இன்று பெங்களூரில் இரண்டு காபி குடிக்க முடிந்தால் பெரிது.

ஆகவே எது பெரிய பாவம்? இரண்டையும் ஒரே தராசில் வைத்ததில்தான் உங்கள் நண்பர் தவறினார் என்று நினைக்கிறேன். காட்டு விலங்கின் வாழ்க்கையை நாம் அமைக்கவில்லை. அதற்குத் தீனி போடவில்லை, கொட்டகை கட்டவில்லை, அதன் குட்டிகளைப் பிரிக்கவில்லை. அதன் விஷயத்தில் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள், எப்படிக் கொல்கிறோம், எத்தனை கொல்கிறோம், அதை நம்பி வாழும் மற்ற உயிர்களுக்கு என்ன மிச்சம் வைக்கிறோம் என்பவை. கறிக்கோழியின் வழக்கு வேறு. அது பிறந்ததே நமக்காக. அதன் எடை, இருட்டு வெளிச்சம், பயணம், சாகும் நாள் அனைத்தும் நாம் குறித்தவை. அறுக்கும் நொடியை மட்டும் வைத்து அங்கே கணக்குப் பார்க்க முடியாது. நாற்பது நாளுக்கும் நாம் பொறுப்பு. காட்டில் பிழை எண்ணிக்கையில் நேர்கிறது. பண்ணையில் வாழ்க்கையில் நேர்கிறது. ஒன்றின் நியாயத்தைக் கொண்டு மற்றொன்றை நியாயப்படுத்த வழியில்லை.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 2018-இல் மூன்று அறிவியலாளர்கள் உலகின் உயிர்ப்பொருள் எடையைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். பாலூட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு ஆடு, மாடு, பன்றி முதலிய வளர்ப்பு விலங்குகள். முப்பத்தாறு பங்கு மனிதர்கள். யானையும் திமிங்கிலமும் உட்பட எல்லாக் காட்டுப் பாலூட்டிகளும் சேர்ந்து மிச்சமுள்ள நான்கு பங்கு. நம் நாட்டில் 2019-இல் எடுத்த கால்நடைக் கணக்கெடுப்பில் கோழி முதலிய வளர்ப்புப் பறவைகள் மட்டும் 85 கோடி. ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் இந்த நகரத்தின் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைக் காடு தாங்காது. காட்டுப் பன்றி அருகிவரும் இனம் இல்லையே என்று நண்பர் திருப்பிக் கேட்கலாம், உண்மைதான். ஆனால் காட்டுக் கறிக்கு நகரத்தில் ஒரு விலை உண்டானால், அந்த விலை பன்றியோடு நிற்பதில்லை. அடுத்த தூக்குவாளியில் மானும், அதற்கடுத்ததில் உடும்பும் வரும்.

கோழியைச் சமைத்த நீங்கள் குற்றவாளியா என்றும் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். நானும் கறி தின்கிறவன்தான். தள்ளி நின்று உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. பன்றியை மறுத்ததால் கோழிக்கு நாம் பட்ட கடன் தீர்ந்துவிடவில்லை என்பது மட்டும் நம் இருவருக்கும் பொருந்தும்.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் நிலம் இருக்கிறது. நிலக்கடலையையும் மரவள்ளியையும் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் புரட்டிப் போட்டுவிடுகிறது. கேரளத்தில் சுட்டுக் கொன்று புதைத்துவிடுகிறார்களாம். கொன்ற பிறகு மண்ணில் போடுவதைவிடத் தின்பது மேல் அல்லவா? (வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி)

பதில்: இந்தக் கேள்வி எனக்கும் உறுத்துகிறது. கேரள அரசு 2022-இல், பயிரையோ உயிரையோ அச்சுறுத்தும் காட்டுப் பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. சுட்டதை யாரும் எடுத்துப் போகாமல் புதைத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2025-இல் வந்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும்.

நூறு கிலோ எடையுள்ள ஒரு விலங்கைக் கொன்று மண்ணில் தள்ளிவிட்டு, அதே நாளில் அதே ஊர்க்காரர் கடைக்குப் போய்க் கூண்டில் வளர்ந்த கோழியை வாங்கிவருவது அபத்தம்தான். உயிரை எடுத்தபின் உடலை வீணாக்குவது அந்த உயிருக்குச் செய்யும் இரண்டாவது அவமதிப்பு என்று கருதுகிற மரபில் வந்தவர்கள் நாம். ஆட்டின் குடலையும் குளம்பையும் கூட விடாமல் சமைக்கிறவர்கள். இருந்தும் புதைக்கும் விதியை நான் ஆதரிக்கிறேன். கறி கிடைக்கும் என்று தெரிந்தால், பயிருக்குள் வராத பன்றியும் 'பயிரை மேய்ந்த' பன்றியாகிவிடும். சுடுவதால் யாருக்கும் ஒரு கிலோ இலாபமும் இல்லை என்ற நிலை இருக்கும்வரைதான், சுடுவது பயிரைக் காப்பதற்காக மட்டும் நடக்கும். வீணாகிற அந்த இறைச்சியை ஊழலைத் தடுக்க நாம் கொடுக்கும் விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது கசப்பான விலை என்பதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நிலத்தைப் பன்றியிடம் இழந்து, இழப்பீட்டுக்கு அலுவலகம் அலுவலகமாக அலையும் உழவரிடம் போய், பெங்களூரில் இருந்துகொண்டு பன்றியின் உரிமையைப் பேசுவதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, உரிமம் எடுத்து ஆண்டுக்கு ஒரு மான் வேட்டையாடி, உறைபெட்டியில் வைத்துக் குளிர்காலம் முழுவதும் சாப்பிடுகிறான். கடைக்கோழி வாங்குவதைவிட இதுவே அறம் என்கிறான். நம் ஊரில் சிறை, அங்கே அறமா? (வாசகர், ஒயிட்ஃபீல்டு)

பதில்: உங்கள் தம்பி சொல்வதை அவர் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தால் ஒப்புக்கொள்வேன். அங்கே பல பகுதிகளில் ஓநாயை மனிதர்கள் ஒழித்துவிட்டதால் மான்களைக் குறைக்க வேறு விலங்கு போதவில்லை. மான் பெருகினால் இளம் மரக்கன்றுகளைத் தின்றே காட்டை மொட்டையாக்கிவிடுகிறது. எந்தப் பருவத்தில், எத்தனை, ஆணா பெண்ணா என்பதை மாநில அரசு ஆண்டுதோறும் வரையறுக்கிறது. துப்பாக்கி, தோட்டா விற்பனையின் மீதான வரி 1937-இல் இயற்றிய ஒரு சட்டத்தின் மூலம் வன உயிரினப் பாதுகாப்புக்கே போகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, வேட்டையாடிய காட்டு மானின் இறைச்சியைச் சந்தையில் விற்க அங்கே பொதுவாகத் தடை உண்டு. கறிக்கும் இறகுக்கும் தோலுக்குமாகக் கட்டுப்பாடின்றி வேட்டையாடி, வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாவை 1914-இல் கடைசிப் பறவையோடு அடியோடு இழந்தபின் கற்ற பாடம் அது.

நம்மிடம் அந்தக் கணக்கெடுப்பும் இல்லை, அந்த இடப்பரப்பும் இல்லை. இங்கே புலியும் செந்நாயும் சிறுத்தையும் மானையும் பன்றியையும் நம்பி உயிரோடு இருக்கின்றன. பந்திப்பூரில் நாம் ஒரு புள்ளிமானை எடுத்தால் அது இன்னொரு விலங்கின் இலையிலிருந்து எடுத்ததுதான். தம்பியிடம் ஈயக் குண்டு வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்; அதன் துகள்கள் இறைச்சியில் சிதறித் தங்கும்.

கேள்வி: கடைகளில் விற்கும் காடை காட்டுப் பறவைதானே? (வாசகர், விவேக் நகர்)

பதில்: இல்லை. உணவகங்களில் வறுத்துத் தருவது பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை. வயலோரங்களில் கண்ணி வைத்துப் பிடித்து, 'ஒரிஜினல்' என்று காதோடு காதாகச் சொல்லி விற்கும் காடையும் கௌதாரியும் காட்டுப் பறவைகள், அவற்றை வாங்காதீர்கள்.

கேள்வி: நான் கல்லூரியில் படிக்கிறேன். தலைமுறைகளாகக் காட்டில் வேட்டையாடி வாழ்ந்த பழங்குடியினரைத் தடுத்துவிட்டு, நகரத்தார் மட்டும் தினமும் கோழி தின்பது எந்த நீதி? (வாசகி, ஸ்ரீராமபுரம்)

பதில்: நீதி இல்லை. இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகக் கடினமானதும் இதுதான்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டு மக்களுக்கு நிலத்தையும் தேன், நெல்லி, கிழங்கு போன்ற சிறுவன மகசூலையும் உரிமையாக்கியது. ஆனால் மரபுவழி உரிமைகளை வரிசையாக ஒப்புக்கொள்ளும் அதே பிரிவில், வேட்டையாடுவதும் பொறிவைத்துப் பிடிப்பதும் அவற்றில் அடங்காது என்று வெளிப்படையாக விலக்கிவிட்டது. பெங்களூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் பிளிகிரிரங்கன் மலையின் சோலிகர்கள் 2011-இல் சமூக வன உரிமை பெற்றார்கள். அந்த உரிமையிலும் வேட்டை இல்லை.

நம் மரபின் நினைவில் வேட்டைக்கு இழிவு இல்லை. திண்ணன் என்ற வேடராக இருந்த கண்ணப்பர் காளத்திநாதருக்குப் படைத்தது காட்டுப் பன்றிக் கறி. நல்ல துண்டு எது என்று வாயில் அதுக்கிப் பார்த்துப் படைத்தார், இறைவன் அதை ஏற்றுக்கொண்டார் என்றுதான் சைவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அந்தக் கோயிலுக்குப் போய்வரும் நாம், திண்ணனின் தொழிலைச் செய்தவரின் பேரனைக் காவலில் வைக்கிறோம்.

ஆனாலும் காட்டை அழித்தது சோலிகரின் வலையோ வில்லோ அல்ல. அரசர்களின், வெள்ளைக்காரத் துரைமார்களின் கேளிக்கை வேட்டையும், மரம் வெட்டும் ஒப்பந்தங்களும், தோட்டங்களும், அணைகளும், சாலைகளும் அழித்த காட்டில் எஞ்சியிருப்பதைக் காக்கும் சுமையை, அழித்ததில் பங்கே இல்லாதவர்கள் தலையில் ஏற்றிவைத்திருக்கிறோம். வீட்டுப் பசிக்காக ஒரு முயலைப் பிடிப்பவரையும், நகரத்து விருந்துக்காகக் கம்பிச் சுருக்கு கட்டுபவரையும் ஒரே கண்ணால் பார்ப்பது அறமாகாது என்பது என் கருத்து. சட்டம் இன்று அப்படித்தான் பார்க்கிறது. அதே நேரத்தில், காடு சுருங்கிவிட்ட நிலையில் பழைய உரிமையை முழுமையாகத் திருப்பித் தந்தால் எந்த விலங்கு எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டால், துணிந்து பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நீங்கள் படிக்கிறவர், இதைத் தொடர்ந்து படித்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆடு, கோழி, காட்டு விலங்கு எதுவும் கிடையாது, மீன் மட்டும்தான். எங்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை அல்லவா? (வாசகர், காக்ஸ் டவுன்)

பதில்: மன்னிக்க வேண்டும், எங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் காட்டு விலங்கு உண்பவர் நீங்கள்தான். வஞ்சிரத்துக்கும் மத்திக்கும் அயிலைக்கும் யாரும் தீனி போட்டு வளர்க்கவில்லை; கடலில் தானாக வாழ்ந்தவற்றை வேட்டையாடித்தான் கொண்டுவருகிறோம். தரையில் நாம் கைவிட்ட வேட்டை கடலில் இயந்திரப் படகுகளோடு நடக்கிறது. 'மீன்பிடித் தொழில்' என்ற பெயரைக் கேட்டு நாம் அதை வேட்டையாக எண்ணுவதில்லை. தரைக்குச் சொன்ன அளவுகோலே அங்கும் பொருந்தும்: எத்தனை எடுக்கிறோம், எதை விட்டுவைக்கிறோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்கில் ஜூன், ஜூலை இரண்டு மாதங்களிலும் விசைப்படகுகளுக்குத் தடை விதிப்பது மீன் இனம் பெருக இடம் கொடுப்பதற்காகத்தான். அந்த நாட்களில் மீன் விலை ஏறிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள்.

உங்கள் தட்டில் பண்ணையும் இருக்கிறது. பெங்களூர்ச் சந்தைக்கு வரும் கட்லாவும் ரோகுவும் பெரும்பாலும் ஆந்திரக் குளங்களில் வளர்த்தவை. கோழி மட்டும் தின்கிறவர்களும் கடலுக்கு வெளியே இல்லை. இழுவலையில் சிக்கும் பொடிமீன்களை, கடற்கரையில் சங்காயம் என்பார்கள், காயவைத்து அரைத்துக் கோழித்தீவனத்தில் கலக்கிறார்கள். வளர்ந்தால் விலைபோகக்கூடிய மீன்களின் குஞ்சுகளும் அந்தக் குவியலில் கிடக்கும். காட்டு உயிரைக் கொன்று பண்ணை உயிருக்கு ஊட்டி, இரண்டையும் சேர்த்து நாம் தின்கிறோம் என்று சொன்னால் தவறில்லை.

கேள்வி: இவ்வளவு சுற்றிவளைப்பானேன்? கொல்வது பாவம், சைவமாக இருங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாமே. (வாசகர், மல்லேசுவரம்)

பதில்: வள்ளுவர் சொல்லிவிட்டார். பதினெட்டு ஆண்டுகள் மூடிவைக்கப்பட்டு, 2009-இல் திறக்கப்பட்ட அவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. "தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்" என்ற குறளைவிடக் கூர்மையாக என்னால் சொல்ல முடியாது. தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால், விலைக்காக ஊன் விற்பவரும் இருக்க மாட்டார். கத்தி கடைக்காரர் கையில் இருந்தாலும், அறுக்கச் சொன்னது வாங்குகிறவரின் பணம். கூண்டையும் அதே பணம்தான் கட்டுகிறது, சுருக்கையும் அதே பணம்தான் முடிகிறது.

கறியை விட்டவர் கறி தின்னும் என்னைவிட ஒரு படி மேலே நிற்கிறார் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அவரும் கொலைக்கு முற்றிலும் வெளியே நிற்கவில்லை. நெல்வயலில் எலிக்கு நஞ்சு வைக்கிறோம். பாலுக்காக மாடு ஈன்றால், பாதிக்குப் பாதி காளைக்கன்று. அது எங்கே போகிறது என்று பால் வாங்குகிறவர் கேட்பதில்லை. முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள் முட்டையும் இடாது, கறிக்கும் ஆகாது என்பதால் பொறித்த நாளிலேயே கொல்லப்படுகின்றன. முட்டை மட்டும் சாப்பிடும் 'அரைச் சைவர்கள்' இதை அறிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் சைவர்களை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டால், அந்த வரியை ஏற்காத பெரும்பாலானோர் எப்படி வளர்த்ததை, எப்படிக் கொன்றதைத் தின்கிறார்கள் என்ற கேள்வியே எழாமல் போய்விடும். அவர்களுக்காகத்தான் இந்தச் சுற்றுவழி.

கேள்வி: கறியை விட முடியாது, கூண்டுக்கோழியும் வேண்டாம் என்றால் பெங்களூரில் என்னதான் வாங்குவது? (வாசகி, பிரேசர் டவுன்)

பதில்: குறைவாக வாங்குங்கள், வாங்கும்போது விசாரியுங்கள். காட்டுக்கும் கூண்டுக்கும் நடுவில் ஓர் இடம் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. மேய்ச்சலுக்குப் போய்வரும் செம்மறியும், கொல்லைப்புறத்தில் கிளறித் திரியும் கோழியும் அந்த இடத்தைச் சேர்ந்தவை. மண்டியா பக்கத்துப் பன்னூர் ஆடு என்று கேட்டு வாங்குகிறவர்கள் ருசிக்காகத்தான் கேட்கிறார்கள். திறந்தவெளியில் மேய்ந்த ஆடு என்றால் அதன் வாழ்நாளுக்கும் அது நல்லதே. லாரியில் எத்தனை நாள் நின்றுகொண்டு வந்தது என்பதையும் கேளுங்கள்.

'நாட்டுக்கோழி' என்று பலகையில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பெங்களூரிலேயே உருவாக்கப்பட்ட கிரிராஜா போன்ற கலப்பினங்களும் அந்தப் பெயரில் விற்கின்றன. அது நல்ல இனம்தான், கொல்லைப்புற வளர்ப்புக்கென்றே உருவாக்கியது. ஆனால் அதையும் நெரிசலான கொட்டகையில் அடைத்து வளர்க்க முடியும். எனவே இனத்தின் பெயரைக் கேட்பதைவிட, எங்கே வளர்ந்தது, எத்தனை நாள் வளர்ந்தது, வெளியே விட்டார்களா என்று கேளுங்கள்.

நான் முதல் முறை இப்படிக் கேட்டபோது, எங்கள் தெருக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சார், கோழிக்கு ஜாதகம் பார்க்கிறீங்களா?" என்றார். இரண்டாம் முறையும் சிரித்தார். மூன்றாம் வாரம், தனக்குக் கோழி கொடுப்பவரின் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, "நீங்களே பேசிக்குங்க, எனக்கும் தெரியாது" என்றார்.